இலுப்பெண்ணெய் காயும்வரை

"ஊஞ்சலுக்கா, சீசாவுக்கா?" என்று மஞ்சுளாவிடம் கேட்டார் மூலக்குளம் ஹார்டுவேர் கடைக்காரர்.

"ரெண்டுக்கும்ண்ணே. ஒரு ஏணியும் கீது, பசங்க ஏறி எறங்கறதுக்கு."

"உள்ளயா வெளியிலயா?"

"வெளியிலதான். மாரியம்மன் கோயிலு பக்கத்துல எங்க பால்வாடி வாசல்ல. வெயிலு மழ எல்லாம் அது தலையிலதான்."

"பால்வாடிக்கு கவர்மென்ட்ல இரும்புல செஞ்சி பச்ச பெயின்ட் அடிச்சில்ல குடுப்பாங்க? மரத்துல யாரு செஞ்சது?"

"கோயிலு வேப்பமரம்ண்ணே. போன கார்த்திக புயல்ல சாஞ்சிது."

கடைக்காரருக்கு அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அம்மன் வாசலில் நின்ற வேம்பை யாரும் வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். கதவு நிலைக்கும் ஆகாது, கட்டிலுக்கும் ஆகாது, அடுப்பெரிக்கவே கூடாது. சாய்ந்த மரம் பொங்கல் கழிந்தும் கோயில் மதிலோரம் கிடந்தது. "பசங்களுக்கு வெளையாட ஏதாவது செஞ்சி போடலாமே மாமா" என்று மஞ்சுளாதான் வாய் திறந்தாள். கோயில் தர்மகர்த்தாவான அவள் மாமனார் மணவாளன் உடனே சரி என்றார். அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபின் அவள் சொல்லி நடந்த முதல் காரியம் அது. ஆசாரி வேலையை முடித்துவிட்டார், பூச்சுதான் பாக்கி.

"வார்னிஷ் போடட்டுமாண்ணே?"

"வார்னிஷ் வெயில்ல பொரிஞ்சி தோலுதோலா உரியும். எனாமல் அடிச்சா வெடிச்சி அதுக்குள்ள தண்ணி பூந்துக்கும். முந்திரிக்கொட்ட எண்ண இருக்குது, படகுக்கு பூசறது. கடல் தண்ணியே ஒண்ணும் பண்ணாது."

"பசங்க கை படுமே."

"பட்டா கொப்புளம் போட்டுடும். அதனாலதான் கேட்டேன், யாரு ஒக்கார்றதுன்னு."

"பால்வாடிண்ணே! கப்பலா வுடப்போறோம்?"

கடைக்காரர் சிரித்துக்கொண்டே ஒரு டின்னை எடுத்து வைத்தார். "அப்ப இது. லின்சீட். ஆளிவெத எண்ண, காய்ச்சினது. கொஞ்சம் டர்பன்டைன் கலந்து துணியில தொட்டு நல்லா தேச்சி வுடுங்க. ரெண்டு மூணு நாள்ல காஞ்சி மரத்தோட மரமா ஆயிடும். செராயும் ஏறாது. வருசத்துக்கு ஒரு தரம் தேச்சா போதும். அந்தத் துணிய மட்டும் சுருட்டி மூலையில போட்டுடாதீங்க, தானா பத்திக்கும்."

டின்னை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள் மஞ்சுளா.

மணவாளன் டின்னின் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். "இன்னாமா இது, பெயின்ட் கடையாட்டம் நாறுது?"

"காஞ்சா வாட போயிடுமாம் மாமா."

"அது சரி. ஆனா இது ஆத்தா மரம். ஆத்தாளுக்கு நாம இன்னா எண்ண ஊத்தறோம்? இலுப்பெண்ண. தேருக்கு இன்னா பூசறோம்? இலுப்பெண்ண. இதுக்கு மட்டும் கடையில விக்கற டின்ன வாங்கி பூசினா ஊர்ல நாலு பேரு நாலு விதமா பேசுவான். கோயில்ல ஒரு டின்னு கீது, எடுத்தாந்து தரேன்."

"பசங்க ஏறணுமே மாமா."

"ஏறட்டும்! பசங்களுக்குதான செஞ்சிது? நா யாரயாவது வேணாம்னு சொன்னனா? எண்ண காயட்டும், காஞ்சதும் எல்லா பசங்களும் ஏறட்டும்."

குரலில் ஒரு கடுமையும் இல்லை. மணவாளன் யாரிடமும் குரல் உயர்த்திப் பேசி அவள் கேட்டதில்லை. வாசற்படியில் நின்றிருந்த மாமியார் கனகாம்பாள் மட்டும் கணவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் மஞ்சுளாவும் உஷாராணியும் சேர்ந்து இலுப்பெண்ணெயைப் பூசினார்கள். உஷாராணி பால்வாடியில் சமையலும் உதவியும் பார்ப்பவள். வயது இருபத்தாறுதான் என்றாலும் பிள்ளைகளுக்கு அவள் ஆயாம்மா. காலனியிலிருந்து வருகிறவள். அவள் மகள் பிரியதர்ஷினியும் அதே பால்வாடியில்தான் படித்தது. மற்ற பிள்ளைகளைப் பார்த்து அதுவும் பெற்ற தாயை ஆயாம்மா என்றே கூப்பிடும்.

"எப்ப டீச்சர் ஏறலாம்?" என்றாள் உஷாராணி.

"வெள்ளிக்கெழம ஏறிடலாம்."

"ஆயாம்மா, வெள்ளிக்கெழம எப்ப வரும்?" என்றது பிரியா.

"நீ தொணதொணன்னு கேக்காம இருந்தா சீக்கிரம் வரும், போடி."

வெள்ளிக்கிழமை வந்தது. மஞ்சுளா பலகையைத் தொட்டுப் பார்த்தாள். விரல் ஒட்டிக்கொண்டு வந்தது. வண்டியில் வந்த மணவாளன் இறங்கி அவரும் ஒரு விரலால் தொட்டார்.

"ஈரமாதான் கீது. நீ கொஞ்சமா பூசிட்ட போல. இன்னொரு கை பூசிடு, ஒரே சீரா காயும்."

இன்னொரு கை பூசினாள். அடுத்த வெள்ளிக்கும் ஈரம். அதற்கடுத்த வாரம் மணவாளனே டின்னை அனுப்பிவைத்தார். தூசி ஒட்டி மரம் கறுத்துக்கொண்டே வந்ததே தவிர காயவில்லை. காலையில் பிள்ளைகள் உள்ளே நுழையும்போது வாசலில் நின்று, "தொடாதீங்க, ஈரம்" என்று சொல்வது மஞ்சுளாவின் வேலையாகிவிட்டது. பாட்டுச் சொல்லிக்கொடுக்கும்போது நடுவில் எழுந்து போய், "ஏய், ஈரம்!" என்று கத்துவாள். சாப்பாடு போடும்போது கத்துவாள். தன் குரல் தனக்கே பிடிக்காமல் போனது.

பிள்ளைகள் அதிலிருந்து ஒரு விளையாட்டையே கண்டுபிடித்துவிட்டார்கள். ஒருவன் ஓடிப்போய் ஊஞ்சல் கட்டையைத் தொட்டுவிட்டு வருவான். அவன் ஈரம். அவன் யாரைத் தொடுகிறானோ அவர்கள் ஈரம். தப்பித்தவர்கள் சுவரில் ஏறி நின்றுகொண்டு கைகொட்டுவார்கள். முதல் இரண்டு நாள் மஞ்சுளாவும் சிரித்தாள். பிறகு ஒருநாள் ஊர்த்தெருப் பையன் ஒருவன், பிரியா எதையும் தொடாமல் மூலையில் நின்றிருக்கும்போதே, "நீ எப்பவும் ஈரம்டீ!" என்றான்.

உஷாராணி சாதம் வடித்துக்கொண்டிருந்தாள். கேட்டாளா இல்லையா என்று முகத்தைப் பார்த்துத் தெரியவில்லை.

அந்த வாரம் துணி துவைக்கும்போதுதான் மஞ்சுளா பார்த்தாள். மகன் தமிழ்க்குமரனின் டவுசரில் பின்பக்கம் பழுப்பாக ஒரு கறை.

"எங்கடா ஒக்காந்த?"

"சீசால."

"எப்ப?"

"சாந்தரம் தாத்தா கூட. தாத்தா துண்டு போட்டாரு. அப்பறம் துண்டு நழுவிப் போச்சி. அம்மா, நா மேல போனேனா, கோயிலு கூரை தெரிஞ்சிது!"

"வேற யாரு ஆடினது?"

மூன்று பெயர் சொன்னான். மூன்றும் ஊர்த்தெருப் பிள்ளைகள். அவர்களுக்கும் தாத்தாதான் துண்டு போட்டாராம். பால்வாடி மூடி, உஷாராணியும் காலனிப் பிள்ளைகளும் கிழக்கே தங்கள் தெருவுக்குப் போன பிறகு, தினமும்.

மஞ்சுளா டவுசரைக் கையில் பிடித்தபடியே நின்றாள். பின்னால் வந்த கனகாம்பாள், "சோப்பு போட்டா போவாது. இலுப்பெண்ண கற. சீயக்கா போட்டு கசக்கு" என்றாள்.

"அத்த, இலுப்பெண்ண காயுமா?"

கனகாம்பாள் வாளியை நகர்த்தி வைத்தாள்.

"வெளக்கு மாடத்துல சிந்தினது வருசக்கணக்கா பிசுபிசுன்னுதான கீது? தீபாவளிக்கு தீபாவளி நாமதான சுரண்டறோம்? காயவே காயாதில்ல?"

"தெரிஞ்சிக்கினே எதுக்குடி கேக்கற?"

"மாமாவுக்கும் தெரியுமா?"

"கோயிலு வெளக்கு முப்பது வருசமா யாரு ஏத்தறது?" கனகாம்பாள் குரலைத் தாழ்த்தினாள். "இதோ பாரு. அவரு யாரயும் கைநீட்டி அடிச்சதில்ல, வாய்விட்டு திட்டனதில்ல. அதுக்கு மேல அவர் கிட்ட நீ எதையும் எதிர்பாக்காத. நா எதிர்பாக்கறத வுட்டு ரொம்ப நாளாவுது."

"பூசறது நானு அத்த. ஈரம் ஈரம்னு சொல்றதும் நானு."

"அதனாலதான் உன்கிட்ட டின்ன குடுத்தாரு," என்று சொல்லிவிட்டு கனகாம்பாள் துணிகளைக் கொடியில் போடப் போய்விட்டாள்.

கணவன் முத்துக்குமரனுக்குப் போன் செய்தாள். அவனுக்குச் சேதராப்பட்டு கம்பெனியில் வேலை. பின்னால் மெஷின் சத்தம் கேட்டது.

"எண்ணயா? இன்னா எண்ண? மஞ்சு, நா ஷிப்ட்ல கீறேன்."

சொன்னாள். கேட்டுக்கொண்டான்.

"சரி, நீ இன்னா பண்ணச் சொல்ற? அப்பா வாய்ல அப்பிடி ஒரு வார்த்த வந்துதா?"

"வரல."

"அப்பறம்? நீயா ஒண்ண நெனச்சிக்கினு போய் அவர கேட்டா, இல்லம்மான்னு சொல்லிட்டு போயிடுவாரு. நாமதான் அந்த வூட்ல கெடக்கணும். உன் வேலையகூட அவருதான சொல்லி வாங்கிக் குடுத்தாரு."

"அதுக்கு?"

"அதுக்கு ஒண்ணுமில்ல. ஈரம்னா ஈரம். உனக்கு இன்னா போவுது?"

போனை வைத்தபின் தனக்கு என்ன போகிறது என்று யோசித்தாள். மாமனாரிடம் கேட்டால், வயதானவர்மேல் பழி போட்ட மருமகள் ஆவாள். கேட்காமல் இருந்தால், நாளைக் காலையில் அவளேதான் வாசலில் நின்று பிரியாவைப் பார்த்து ஈரம் என்று சொல்ல வேண்டும். நேற்றுவரை தெரியாமல் சொன்னாள். இனிமேல் தெரிந்தே சொல்ல வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த வீட்டுச் சுவர்தான் முகத்தில் இடித்தது.

திண்டிவனத்தில் ஒரு கல்யாணம் என்று மணவாளன் கிளம்பிப் போனார். அன்று பால்வாடி முடிந்ததும் மஞ்சுளா உஷாராணியை நிறுத்தினாள்.

"கொஞ்சம் இரு உஷா. சீயக்கா கொண்டாந்தேன். மரத்த கழுவிடலாம்."

உஷாராணி அசையவில்லை. "எதுக்கு டீச்சர்?"

"அந்த எண்ண காயாது."

"தெரியும்."

"தெரியுமா?"

"ரெண்டாவது வாரமே தெரியும். பாத்திரம் மறந்துட்டேன்னு ஒருநா சாந்தரம் திரும்பி வந்தேன். துண்டு போட்டு ஆடிக்கினு இருந்தாங்க. உங்க புள்ளயும்தான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்க வூட்டு புள்ள, உங்க மாமனாரு, உங்க கையில பிரஷ்ஷு. உங்களுக்கு தெரிஞ்சிதான் நடக்குதுன்னு நெனச்சேன். ரெண்டு வருசமா ஒரே தட்டுல சாப்பிடறோம், இந்த டீச்சர் இப்பிடியான்னு நெனச்சேன். வேலைய வுட்டு போயிடலாம்னு எங்க தெரு ராமாயி அத்தகிட்ட சொல்லி அழுதேன். போனா சோத்துக்கு வழி எங்கன்னு கேட்டாங்க. அதான் வந்துக்கினு கீறேன்."

மஞ்சுளா வாளியில் சீயக்காயைக் கரைத்தாள். சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்த உஷாராணி, "தேங்கா நார் இருக்குதா, வெறும் துணியில போவாது" என்று வந்து உட்கார்ந்தாள்.

கறுப்பு நுரை கழிந்து கழிந்து ஓடியது. ஆனி வெயில் மரத்தை உலர்த்தியது. மறுநாள் லின்சீட் டின்னைத் திறந்து இருவரும் துணியில் தொட்டுத் தேய்த்தார்கள். வேம்பின் சிவப்பு ரேகை துலங்கி வந்தது. கல்யாணத்துக்குப் போனவர் மகள் வீட்டிலும் இரண்டு நாள் தங்கிவிட்டார். அதற்குள் மரம் காய்ந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை. பிள்ளைகள் அப்போதுதான் வந்துகொண்டிருந்தார்கள். மணவாளன் பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு நேராகப் பால்வாடிக்கே வந்துவிட்டார். சீசாவின் பலகையை விரலால் தொட்டார். விரலைப் பார்த்தார். முகர்ந்தார்.

"கழுவிட்டியா?"

"ஆமா மாமா."

"சீயக்காயா?"

"ஆமா மாமா."

இப்போது திட்டுவார், திட்டினால் நல்லது என்றுகூட நினைத்தாள். திட்டு என்று ஒன்று வந்துவிட்டால் அதைப் பிடித்துக்கொண்டு பேசலாம்.

மணவாளன் புன்னகை செய்தார். "நல்ல காரியம் பண்ணியிருக்க. ஆத்தாவ குளிப்பாட்டிட்ட. எனக்கே தோணல பாரு. குளிப்பாட்டின பெறவு சும்மா வுடக்கூடாதும்மா. இன்னிக்கு செவ்வாக்கெழம வேற. மஞ்ச அரச்சி பூசி, பொட்டு வச்சி, வேப்பெல கட்டிடு. ஆடி பொறக்கப்போவுது. கூழு ஊத்தி முடியற வரைக்கும் ஆத்தா அப்பிடியே சுத்தமா இருக்கட்டும்."

மஞ்சுளாவுக்கு இரண்டு நாள் தேய்த்த கை இன்னும் வலித்தது. அந்தத் தேய்ப்பையே எடுத்து, பிள்ளைகள் ஏற முடியாதபடி ஒரு வேலியாக்கி நட்டுவிட்டார் மனிதர்.

"கூழு ஊத்தின பெறவு?" என்று கேட்டாள் உஷாராணி. கரண்டியோடு சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

மணவாளன் அவள் பக்கம் திரும்பவில்லை. மஞ்சுளாவைப் பார்த்தே சொன்னார். "பெறவு பாத்துக்கலாம்."

"அய்யா, எனக்கு இந்த மஞ்சளு, பொட்டு எல்லாம் வெளங்காதுங்க. காஞ்சதும் ஏறலாம்னு நீங்கதான் சொன்னீங்கன்னு டீச்சர் சொன்னாங்க. அதனால டீச்சரயே கேக்கறேன்." உஷாராணி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தாள். "சொல்லுங்க டீச்சர். காஞ்சிதா, காயலியா?"

"சொல்லும்மா," என்றார் மணவாளன். அதே மெதுவான குரல். "டீச்சர் நீதான?"

இருவரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தியோடு பகல் முழுதும் இருக்க வேண்டும். இன்னொருவர் வீட்டில் இரவு உலை வைக்க வேண்டும். மஞ்சுளா பலகைமேல் உள்ளங்கையை வைத்து அழுத்தி எடுத்தாள்.

"காஞ்சிடுச்சி" என்றாள்.

மணவாளனின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கொஞ்சம் காது கேட்காதவர்போலத் தலையைச் சாய்த்தார்.

"காஞ்சிடுச்சி மாமா. அந்த எண்ணதான் காயாது. இது காஞ்சிடுச்சி." மஞ்சுளா சுவர்ப் பக்கம் திரும்பினாள். "பிரியா, வா. ஏறு."

பிரியா வரவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றது.

"வாடி, டீச்சர் கூப்புடறாங்க" என்றாள் உஷாராணி.

"ஈரம்" என்றது குழந்தை.

"இல்லடா. தொட்டுப் பாரு."

"நீதான் டீச்சர் சொன்ன, தொடக்கூடாதுன்னு. ஈரம்."

மஞ்சுளா புடவையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு சீசாவின் ஒரு முனையில் அவளே உட்கார்ந்தாள். மூன்று வயதுப் பிள்ளைகளுக்காகச் செய்த பலகை தணிந்து தரையைத் தொட்டது. முட்டி இரண்டும் மார்புக்கு வந்துவிட்டன. ஒரு பையன் சிரித்தான்.

"பாரு, டீச்சர் புடவையில ஒண்ணும் ஒட்டல. வா."

உஷாராணி மகளைத் தூக்கினாள். வானத்தைப் பார்த்து நின்ற மறுமுனையில் உட்கார வைத்து, கைப்பிடியைப் பிடிக்க வைத்தாள். பிரியா ஒரு கையை எடுத்து விரித்துப் பார்த்தது. மறு கையையும் பார்க்கப் போய், பயந்து மறுபடி பிடித்துக்கொண்டது.

"அம்மா!" என்றது. ஆயாம்மா என்று சொல்ல மறந்துவிட்டது. "ஒயரமா கீது!"

"தாத்தா, நானு! நானு!" என்று தமிழ்க்குமரன் குதித்தான். மணவாளன் அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். அவன் திமிறினான்.

"மஞ்சுளா. எழுந்து வூட்டுக்கு வா. பேசிக்கலாம்."

"இப்ப எழுந்துக்க முடியாது மாமா. புள்ள மேல கீது. நா எழுந்தா விழுந்துடும்."

கேலி என்று நினைத்தாரோ என்னவோ, அவளை உற்றுப் பார்த்தார். அவள் கேலி பேசவில்லை. உண்மையிலேயே அசைய முடியாமல்தான் உட்கார்ந்திருந்தாள். யாரையாவது பெயர் சொல்லி, நீ ஏறாதே என்று அவர் வாய் திறந்து சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் போக வேண்டும். உதடு ஒருமுறை பிரிந்தது. பிறகு திரும்பி நடந்தார். இடுப்பில் பேரன் ஓவென்று அலறினான். தெருமுனை திரும்பும்வரை அந்த அலறல் கேட்டது.

பிறகு பிள்ளைகள் ஊஞ்சலுக்கு ஓடினார்கள். "நா மொதல்ல", "நீ அப்பறம்" என்று ஒரே தள்ளுமுள்ளு. நீ எப்பவும் ஈரம் என்று சொன்ன பையன், பிரியாவுக்குக் கீழே நின்றுகொண்டு, "எறங்குடீ, அடுத்தது நானு" என்று காலைப் பிடித்து இழுத்தான்.

"காலை வுடுடா, விழுந்துடுவா!" உஷாராணி வந்து மகளிருந்த முனையில் கை வைத்துத் தாங்கினாள். "நா புடிச்சிக்கினேன் டீச்சர். எழுந்துக்கறீங்களா?"

மஞ்சுளா மாமனார் போன தெருவைப் பார்த்தாள். சாயங்காலம் அந்தத் தெரு வழியாகத்தான் அவளும் போக வேண்டும். உள்ளே போனதும் யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். சோறு வேண்டாம் என்பார் அவர். அத்தை தட்டை எடுத்து வைத்துவிடுவாள். ராத்திரி ஷிப்டிலிருந்து முத்துக்குமரன் போன் வரும். நாளைக்கும் அதே வீடு, அதற்கு மறுநாளும் அதே வீடு.

"இன்னா டீச்சர், எழுந்துக்கறீங்களா?"

"இரு உஷா. அது இன்னும் கொஞ்ச நேரம் மேலயே இருக்கட்டும்."

"உங்களுக்கு முட்டி வலிக்கும்."

"வலிக்குது," என்றாள் மஞ்சுளா. எழுந்துகொள்ளவில்லை.